மாரிக்கும் பனிக்கும் ஏற்ற ரயர் எது?

பருவமறிந்து பயிர் செய்வதும் காற்றறிந்து பாய் விரிப்பதும் நம்மவர்க்குத் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. சோளகம் வீசுங்காலத்தில் எவ்வாறு கடலோடுவது, வாடை தொடங்கியதும் வள்ளத்தை எங்கே ஏற்றி வைப்பது என்பவற்றைத் தொண்டைமானாற்றிலும் வல்வெட்டித்துறையிலும் பிறந்த பிள்ளைகளுக்கு எவரும் ஏட்டில் எழுதிக் கற்பித்ததில்லை. பாட்டனாரின் கைபிடித்துக் கரையில் நின்ற நாளிலேயே அவர்கள் அதனைக் கற்றுக்கொண்டனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. காற்றையும் பருவத்தையும் அறிந்த கடலோடிகளின் திறமைக்கு அதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அக்கடலோடிகளின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இன்று ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் வாழ்கின்றனர். அவர்கள் ஓடுவது பாய்க்கப்பலன்று; மோட்டார்க் கார். அதிலும் இளைஞர் பலர் விரும்பி வாங்குவது, தாழ்ந்த உடலும் பெரிய சில்லும் மிகுந்த விசையும் உடைய ‘ஸ்போட்ஸ்’ கார். ஆவணி மாதத்திற் சந்நிதியான் திருவிழாவுக்கென ஊர் வரும்போது அவர்கள் அக்காரின் படத்தைக் காட்டுவார்கள். அதற்கு எத்தனை குதிரை வலு, எத்தனை செக்கனில் நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டும் என்றெல்லாம் சொல்லுவார்கள். வீட்டிலுள்ளோரும் மகிழ்ந்து கேட்பார்கள். ஆயின், “தம்பி, பனி கொட்டும்போது இதற்கு என்ன ரயர் பூட்டுவாய்?” என்று கேட்பவர் அரியர்.

கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே என்பது நம் கருத்து. அதனைக் கேட்பதற்கும், வரும் விடை சரியா பிழையா என்று தீர்மானிப்பதற்கும் வேண்டிய செய்திகளை இங்கே திரட்டித் தருகின்றோம். உள்ளூரில் மாரிமழையிற் கார் ஓட்டுவோர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

ஒரு விடைத்தாளின் பரப்பு

ஆயிரத்து நானூறு கிலோகிராம் நிறையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நிறை நான்கு சில்லுகளுக்கும் சமமாகப் பிரிந்தால் ஒவ்வொரு சில்லும் 350 கிலோகிராமைத் தாங்கும். ரயரினுள் இருக்கும் காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் என்று வைத்துக்கொண்டால், அந்நிறையைத் தாங்க ஒவ்வொரு ரயரும் ஏறத்தாழ 24 சதுர அங்குலம் நிலத்தில் அழுந்த வேண்டும். அதாவது 156 சதுர சென்ரிமீற்றர். விரித்து வைத்த ஒரு கையின் பரப்பு. நான்கு சில்லையும் கூட்டினாலும் 624 சதுர சென்ரிமீற்றர்தான். மாணவர்கள் விடை எழுதும் ஏ4 தாள் ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். அதன் பரப்பும் அதுவே.

காரின் விலை எத்தனை இலட்சமாயினும், என்ஜின் எத்துணை வலியதாயினும், அது தெருவைத் தொடுவது இந்த ஒரு தாளளவு இறப்பரால் மாத்திரமே. விரைவதும் திரும்பும்போது விலகாமல் நிற்பதும் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் உடனே நின்றுவிடுவதும் அவ்விறப்பர் தரும் பிடியையே நம்பியுள்ளன. வழுக்குவதைத் தடுக்கும் மின்னணுப் பொறிகள் இக்காலக் கார்களில் உள்ளன என்பது உண்மையே. அவை உள்ள பிடியைப் பங்கிட்டுக் கொடுக்கும்; இல்லாத பிடியை உண்டாக்க மாட்டா.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்

குளிரில் இறப்பருக்கு என்ன நேர்கின்றது என்பதை நம் வீட்டு அடுக்களையிலேயே விளங்கிக்கொள்ளலாம். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிற் போத்தலிலுள்ள தேங்காய் எண்ணெய் வெண்மெழுகு போல உறைந்துவிடுகின்றது. அதே தட்டில், அதே குளிரில், அருகிலிருக்கும் நல்லெண்ணெயோ வழமைபோல ஓடுகின்றது. இரண்டும் எண்ணெய்தான். எந்த வெப்பநிலையில் எது இறுகும் என்பதிலேதான் வேற்றுமை.

ரயர் இறப்பரும் அவ்வாறே. அது எண்ணெய் போல உறைவதில்லை எனினும், குளிர் கூடக் கூட நெகிழ்ச்சி குன்றிக் கண்ணாடி போன்ற வன்மையை நோக்கிச் செல்லும். ஸ்போட்ஸ் காருடன் தொழிற்சாலையிலிருந்து வரும் கோடைக்கால ரயர், சூடான தார்த் தெருவில் உச்சப் பிடி தருவதற்கென்றே செய்யப்பட்டது. வெப்பநிலை ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கும்போது அதன் பிடி தளரத் தொடங்குகின்றது. தெருவிற் பனியே இல்லாவிடினும் இது நேரும். கடுங்குளிரில் இத்தகைய ரயர்களைப் பயன்படுத்த வேண்டாம், வெடிப்பு உண்டாகலாம் என்று செய்தவர்களே எச்சரிப்பதும் உண்டு. ஏழு பாகை என்பது கோடு கீறினாற் போன்ற எல்லை அன்று. நினைவில் வைப்பதற்கான ஓர் அடையாளம்.

பனிக்கால ரயர் நல்லெண்ணெய்க்கு ஒப்பானது. இயற்கை இறப்பரின் பங்கைக் கூட்டி, சிலிக்கா என்னும் மணற்சத்தைக் கலந்து, குளிரிலும் மென்மை மாறாதபடி அதனைச் செய்கின்றனர். அதன் மேற்பரப்பில் ஆழமான தவாளிப்புகளோடு, கத்தியாற் கீறினாற் போன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்களும் உண்டு. சில்லு உருளும்போது அக்கீறல்கள் விரிந்து பனியைக் கவ்வுகின்றன. தவாளிப்பில் அடையும் பனியும் வீணாவதில்லை. பனி பனியோடு ஒட்டும் என்பதைப் பனியுருண்டை செய்து விளையாடும் பிள்ளைகள் அறிவார்கள். அந்த ஒட்டுதலும் பிடிக்குத் துணையாகின்றது.

இதில் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. பிறேசில் நாட்டு இறப்பர் மரத்தின் நாற்றுகள் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் பரந்த தோட்டங்கள் அதன்பின் எழுந்தன. குளிரென்பதே அறியாத அம்மரத்தின் பாலைத் தோட்டத் தொழிலாளர் விடியலில் வெட்டிச் சேர்க்கின்றனர். அதே இனத்து மரத்தின் பாலே வடதுருவத்தை அடுத்த நாடுகளிற் பனியைக் கவ்வும் ரயராகின்றது. பனிக்கென்றே தனியாக ரயர் செய்யும் தொழிலை முதலிற் செய்து காட்டிய நாடு பின்லாந்து. அங்குள்ள தொழிற்சாலை ஒன்று 1934இல் பாரவண்டிகளுக்கும், 1936இல் சிறிய கார்களுக்கும் பனிக்கால ரயரை ஆக்கியது.

மாணவர்க்கு ஒரு கணக்கு

தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களை எழுதிப் பழகாத உயர்தர மாணவர் வடபுலத்தில் அரியர். உராய்வுக் குணகம் என்ற சொல்லும் அவர்களுக்குப் புதியதன்று. அச்சொல்லைத் தாளிலிருந்து தெருவுக்குக் கொண்டுவருவோம்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் பிறேக் பிடித்தபின் எத்தனை தூரம் சென்று நிற்கும்? வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகத்தையும் ஈர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி வந்த தொகையின் இருமடங்கால் வகுக்க வேண்டும். உலர்ந்த தார்த் தெருவிற் குணகம் 0.8 எனக் கொண்டால் 12 மீற்றர். நனைந்த தெருவில் 0.5 எனின் 20 மீற்றர். இறுகிய பனியில் 0.2 எனின் 49 மீற்றர். பனிக்கட்டி படிந்த தெருவில் 0.1 எனின் 98 மீற்றர். பாடசாலை விளையாட்டுப் போட்டியின் நூறு மீற்றர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். அத்தூரம் முழுவதும், மிதித்த பிறேக்கோடு, நிறுத்த முடியாத கார் ஒன்று வழுக்கிச் செல்கின்றது.

இனி, இறுகிய பனியில் ஒருவருடைய ரயர் 0.2 தருகின்றது, அருகே செல்பவருடைய நல்ல பனிக்கால ரயர் 0.3 தருகின்றது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் 33 மீற்றரில் நின்றுவிடுவார். முதலாமவர் அதே இடத்தைக் கடக்கும்போது அவருடைய வேகம் எவ்வளவு? கணக்குச் செய்து பார்த்தால் மணிக்கு 29 கிலோமீற்றர் என வரும். ஒருவர் நின்றுவிட்ட இடத்தில் மற்றவர் இன்னும் அவ்வேகத்தோடு மோதச் செல்கின்றார். அவ்விடத்திலே தெருவைக் கடப்பவர் ஒரு தாயாகவோ பள்ளிப் பிள்ளையாகவோ இருக்கலாம். தசமத்தில் ஒன்றான அச்சிறு வேற்றுமையின் பொருள் அதுவே.

ஸ்போட்ஸ் கார் ஓட்டுவோர் இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இக்கணக்கில் குதிரை வலு எங்கும் வரவில்லை. வலு மிகுந்தால் வழுக்குந் தெருவிற் சில்லு வெறிதே சுழல்வதுதான் மிச்சம். பின்சில்லால் இயங்கும் கார்களிற் பின்புறம் ஒதுங்கி வண்டியே சுழன்றுவிடுவதும் உண்டு. “எனது கார் நாற்சில்லு இயக்கம் உடையது, எனக்குப் பயமில்லை” என்பாரும் உளர். நாற்சில்லு இயக்கம் புறப்படுவதற்குப் பெருந்துணைதான். ஆனால் நிறுத்தும்போது எல்லாக் கார்களுக்கும் நான்கு சில்லிலுமே பிறேக் உண்டு. ஆகவே அங்கே அவருக்குத் தனி நன்மை எதுவும் இல்லை. இலகுவாகப் புறப்பட முடிந்ததனால் தெரு நல்லதென எண்ணி விரைந்து சென்று, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமற் போவதே அவர்களுக்கு நேரும் ஆபத்து.

அகலம் அழகு, ஒடுக்கம் உறுதி

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காரைப் பலரும் அறிவர். அதன் ரயர் ஐந்து அங்குல அகலமே உடையது. இன்றைய ஸ்போட்ஸ் காரின் ரயரோ ஒன்பது, பத்து அங்குல அகலம் உடையது. பக்கச் சுவர் மிகவும் குட்டையானது. உலர்ந்த தெருவில் வளைவுகளை விரைந்து கடக்க அது நன்று. பனியிலோ நிலைமை வேறு. அகன்ற ரயர் பனியின் மேல் ஏறி மிதக்க முயலும். ஒடுங்கிய ரயர் அதனை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். பனிக்குள் மறைந்த குழிகளில் விழும்போது குட்டைச் சுவருடைய ரயரில் அடி நேரே றிம்மைத் தாக்கி அதனை வளைத்துவிடும். உயர்ந்த சுவர் அவ்வடியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

ஆதலின் அறிந்தோர் பனிக்காலத்துக்கெனச் சிறிய றிம்மும் ஒடுங்கிய ரயரும் கொண்ட தனித் தொகுதி ஒன்றை வாங்கிக்கொள்வர். அவ்வாறு மாற்றும்போது சில்லின் முழு விட்டம் மாறாதிருக்க வேண்டும். மாறினால் வேகமானி பொய் சொல்லும். ரயரின் பக்கத்தில் 225/40 ஆர் 18 என்று எழுதியிருந்தால், அகலம் 225 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 40 பங்கு, றிம்மின் விட்டம் 18 அங்குலம் என்பது பொருள். அதன் முழு விட்டம் 637 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 205/55 ஆர் 16 பூட்டினால் முழு விட்டம் 632 மில்லிமீற்றர். வேற்றுமை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆகவே இம்மாற்றம் கணக்கிற் பொருந்தும்.

கணக்கிற் பொருந்தினாலும் காரிற் பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஸ்போட்ஸ் கார்களின் பிறேக் தட்டுகள் பெரியவை. சிறிய றிம் அவற்றின் மேல் ஏறாமற் போகலாம். கார் செய்தவர் அனுமதித்த அளவுகள் கைநூலிலும், பல கார்களில் சாரதியின் கதவோரத்து ஒட்டுத்தாளிலும் காணப்படும். அவற்றைப் பார்த்த பின்பே காசைக் கொடுக்க வேண்டும். நிறை தாங்கும் எண்ணையும் அவ்வாறே பார்க்க வேண்டும். 91 என்ற எண் ஒரு ரயர் 615 கிலோகிராமைத் தாங்கும் என்று சொல்லும். வேகக் குறியீட்டில் ‘ரி’ என்பது 190, ‘எச்’ என்பது 210, ‘வி’ என்பது 240 கிலோமீற்றர் எல்லையைக் குறிக்கும். பனிக்கால ரயருக்குக் குறைந்த குறியீடு போதும் என்று ஐரோப்பிய நாடுகள் விடுகின்றன. ஆனால் அவ்வெல்லையைச் சாரதியின் கண்ணிற் படும்படி எழுதி ஒட்டவும் சொல்கின்றன.

எந்த ஊருக்கு எது?

பனிக்கால ரயர் என்று ஒரே பெயராற் சொன்னாலும் அது ஒரே பொருளன்று. மத்திய ஐரோப்பாவுக்கென ஆனவை நனைந்த தெருவுக்கும் சேறான பனிக்கும் நெடுஞ்சாலை வேகத்துக்கும் ஏற்றவை. ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் ஸ்போட்ஸ் கார் வைத்திருப்போர்க்கு இவையே பொருந்தும். நோர்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளுக்கென ஆனவை இன்னும் மென்மையானவை. பனிக்கட்டியின் மேற் பிடி தருபவை. மூன்றாவது வகை உலோக ஆணி பதித்தது. வழுக்கும் பனிக்கட்டியில் அதற்கு நிகரில்லை எனினும், வெறுந்தெருவில் ஓசை எழுப்பித் தாரைத் தேய்க்கும். ஜேர்மனி ஆணி ரயரைப் பொதுவாகத் தடை செய்துள்ளது. ஒஸ்லோ நகரில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வடபகுதியார்க்கு மாத்திரமே அதற்கு அனுமதி.

சட்டமும் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றது. கியூபெக் மாகாணம் 2008 முதல் பனிக்கால ரயரைக் கட்டாயமாக்கியது. இப்பொழுது அக்கட்டாயம் திசெம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை. ஒன்ராறியோவிற் கட்டாயமில்லை, ஆயினும் 2016 முதல் அங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் பனிக்கால ரயர் பூட்டியோர்க்குக் கட்டணத்திற் கழிவு கொடுக்க வேண்டும். ஜேர்மனியில் நாளைக் குறித்துச் சட்டமில்லை. தெருவிற் பனியோ உறைபனியோ இருந்தால் தகுந்த ரயர் இருக்க வேண்டும். பிரான்ஸ் 2021 முதல் குறித்த மலைப்பகுதிகளில் நவம்பர் தொடக்கம் மார்ச் முடிய இவ்விதியை ஏற்படுத்தியது. பாரிசில் வாழ்வோர் மலைப்பக்கம் உல்லாசப் பயணம் போகும்போது இதனை நினைக்க வேண்டும்.

பனி அருகி விழும் இலண்டன் போன்ற நகரங்களில், எல்லாப் பருவத்துக்கும் என ஆன நல்ல ரயர் போதும். ரொறன்ரோவில் அது போதாது என்பதே நம் முடிபு. ஒஸ்லோவில் அதனைப் பற்றி எண்ணவே வேண்டாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ரயரின் பக்கத்தில் மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய ரயருக்கே அவ்வடையாளம் உண்டு. ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தாற் போதாது. அவை தவாளிப்பின் அமைப்பைக் குறிப்பனவே. ஐரோப்பாவில் 2021 மே முதல் விற்பனைச் சீட்டிற் பனிப் பிடிக்கும் பனிக்கட்டிப் பிடிக்கும் வெவ்வேறு படங்கள் அச்சிடப்படுகின்றன. ஒஸ்லோவில் வாங்குவோர் இரண்டாவது படத்தைத் தேட வேண்டும்.

நான்கு ரயரையும் ஒருங்கே மாற்ற வேண்டும். காசை மிச்சம் பிடிக்க எண்ணி இயங்குஞ் சில்லுக்கு மட்டும் மாற்றுவோர் உளர். முன்சில்லுக்கு மட்டும் மாற்றினால் முன்புறம் பிடித்து நிற்கப் பின்புறம் வழுக்கிச் சுழலும். பின்சில்லுக்கு மட்டும் மாற்றினாற் சுக்கானைத் திருப்பியும் கார் திரும்பாமல் நேரே செல்லும்.

பக்கத்திலே நான்கு இலக்கம் ஒன்றும் இருக்கும். 4323 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 43ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். கழிவு விலைக்கு வருபவற்றில் இதனை அவசியம் பார்க்க வேண்டும். தவாளிப்பின் ஆழமும் முக்கியம். நோர்வேயிற் பனிக்காலத்துக்குக் குறைந்தது 3 மில்லிமீற்றர் ஆழம் சட்டப்படி வேண்டும். பனித்தெருவுக்கு 4 மில்லிமீற்றர் இல்லாத ரயரை நம்பற்க என்பது கனடாவின் போக்குவரத்து அமைச்சு தரும் அறிவுரை. வெப்பநிலை ஏறக்குறைய ஐந்தரைப் பாகை குறையுந்தோறும் ரயரின் காற்று ஓர் இறாத்தல் இறங்கும். ஆகவே குளிர் மாதங்களில் அடிக்கடி காற்றை அளக்க வேண்டும்.

எப்பொழுது மாற்றுவது? மேலை நாட்டார் ஒக்ரோபரையும் ஈஸ்ரரையும் கணக்காக வைப்பர். நம்மவர்க்கு இதனினும் எளிய கணக்கு ஒன்று உண்டு: தீபாவளி கழிந்ததும் பூட்டுக, சித்திரைப் புத்தாண்டு பிறந்ததும் கழற்றுக. அவ்வவ்வூர்ச் சட்டத்தின் நாளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் இது பெரும்பாலும் தவறாது.

நம் ஊர் மாரி

பனியே காணாத நமக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நமக்கும் ஒரு மாரி உண்டு. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கின்றது. 2008 நவம்பரில் நிஷாப் புயல் வந்தபோது குடாநாடே வெள்ளக்காடாயிற்று. புயல் வராத ஆண்டுகளிலும் வல்லை வெளியைக் கடப்போர் இருமருங்கும் நீர் நிற்பதையும், தடுக்க ஒரு மரமுமின்றிக் காற்று வண்டியை ஒதுக்குவதையும் அறிவர். தொண்டைமானாற்றுக் கடற்கரைத் தெருவிலோ நீரோடு மணலும் சேர்ந்துகொள்ளும்.

தெருவில் நிற்கும் நீரைத் தவாளிப்பு வழியாக வெளியேற்றிய பின்பே ரயர் தாரைத் தொட முடியும். தவாளிப்பு தேய்ந்து, அல்லது வேகம் மிகுந்து, நீர் வெளியேற நேரமில்லாமற் போனால் ரயர் நீரின் மேல் மிதந்து செல்லும். அப்போது சுக்கானும் பயன்படாது, பிறேக்கும் பயன்படாது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான ‘நாசா’வின் ஆய்வாளர், விமானச் சில்லுகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் பயனாக 1963இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர். அதன்படி, காற்றமுக்கம் 32 இறாத்தலாயின் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றரில் மிதப்பு நேரும். காற்று 24 இறாத்தலாக இறங்கிவிட்டால் 82 கிலோமீற்றரிலேயே நேரும். இது மதிப்பீடே. அகன்ற ரயரும் மொட்டையான ரயரும் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கலாம்.

ஆகவே நம் ஊரில் மாரிக்கேற்ற ரயர் என்பது ஆழமான தவாளிப்பும் சரியான காற்றும் உடைய சாதாரண ரயரே. பனிக்கால ரயர் இங்கே கூடாது. ஜப்பானிலிருந்து வந்த பழைய காரிலோ, கழித்த ரயர் விற்கும் கடையிலோ ‘ஸ்ரட்லெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லோ பனித்துகள் அடையாளமோ கண்ணிற் பட்டால், அது பனிநாட்டுக்கு ஆனது என்று அறிக. நம் வெயிலில் அம்மென்மையான இறப்பர் விரைந்து தேயும். சூடான தெருவில் உறுதியாக நில்லாது. விலை மலிவென்று அதனை வாங்குவது, சித்திரை வெயிலிற் கம்பளிச் சட்டை அணிவது போலாகும்.

செலவென்று எண்ணற்க

இரண்டு தொகுதி ரயர் வாங்குவது இரட்டைச் செலவு என்று இளைஞர் கூறுவர். அது முழுவதும் உண்மையன்று. ஒன்று ஓடும்போது மற்றொன்று தேயாமல் ஓய்ந்திருக்கின்றது. ஒரே தொகுதி மூன்றாண்டில் தேயுமாயின், இரண்டும் மாறி மாறி ஓடினால் அவற்றின் காலம் நீளும். மேலதிகச் செலவு றிம்முக்கும் மாற்றுங் கூலிக்குமே. காரின் பின்புறத்திற் பூட்டும் அலங்காரச் சிறகுக்கும், ஓசையைப் பெருக்கும் புகைக்குழாய்க்கும் கொடுக்கும் பணத்தை எண்ணிப் பார்த்தால் அது பெரிதன்று. ஸ்போட்ஸ் காரை விரும்புவது குற்றமுமன்று. விரைவை விரும்புகின்றவர் நிறுத்தும் வலிமையையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதே நாம் சொல்வது.

ஆதலால், பிள்ளைகளைப் பனிநாட்டில் வைத்திருக்கும் பெற்றோரே, இவ்வாண்டு தீபாவளியன்று தொலைபேசியில் வாழ்த்துக் கூறும்போது பலகாரம் சுட்டதா, கோயிலுக்குப் போனதா என்று கேட்பதோடு, “ரயர் மாற்றியாயிற்றா?” என்றும் கேளுங்கள். நான்கும் மாற்றினானா, மலையும் பனித்துகளும் பார்த்தானா என்று கேளுங்கள். வாடைக் காலத்தில் வள்ளத்தை எங்கே கட்டினாய் என்று மகனைக் கேட்ட பாட்டனார் கேட்டதும் இதே கேள்விதான்.